பழைய தாஜ்மஹால் செட்டை நம்ம மஹாலாக மாற்ற முடியுமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரை வில்லாபுரத்தில் இருக்கும் நண்பர் ஒருவர், வீடு காலி செய்துகொண்டு வெளியூர் போன குடும்பத்திடமிருந்து லெகோ (ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் பொம்மைத் துண்டுகள்) தாஜ்மஹால் செட்டை வாங்கியிருக்கிறார். பெட்டியும் இல்லை, செய்முறைப் புத்தகமும் இல்லை. துண்டுகள் மொத்தமும் இரண்டு அரிசிப் பைகளில் கலந்து கிடக்கின்றன. அவர் கேட்பது மூன்று. இதை முதலில் தாஜ்மஹாலாகவே கட்ட வேண்டுமா? இதே துண்டுகளை வைத்துத் திருமலை நாயக்கர் மஹாலைக் கட்ட முடியுமா? மதுரை வெயிலுக்கு இந்தப் பிளாஸ்டிக் தாங்குமா? கூடவே, துண்டை வெட்டுவது, ஒட்டுவது பற்றியும், நவராத்திரிக் கொலுவில் வைப்பது பற்றியும், கட்டிய தாஜ்மஹாலைப் பிரிக்க மனம் வராதது பற்றியும் எழுதியிருக்கிறார். பதிலை அவரிடமே நேராகச் சொல்கிறேன்.

முதல் மூன்று கேள்விக்கும் பதில் 'ஆம்'தான். ஆனால் இரண்டாவது கேள்விக்கு மட்டும் ஒரு நிபந்தனை உண்டு: மஹால் முழுவதையும் நினைக்காதீர்கள், அதில் ஒரு மூலையை நினையுங்கள். ஏன் என்று கீழே வருகிறது.

உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று முதலில் பார்க்க வேண்டும். தாஜ்மஹால் பெரிய செட் இரண்டு முறை வந்தது. 2008-இல் 10189 என்ற எண்ணில், 5,922 துண்டுகளோடு. 2017-இல் 10256 என்ற எண்ணில், 5,923 துண்டுகளோடு. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கட்டடம்தான், பயப்பட வேண்டாம். 2021-இல் இதே பெயரில் 21056 என்று 2,022 துண்டுகளில் சின்ன செட் ஒன்றும் வந்தது. இரண்டு அரிசிப் பை நிறைய இருக்கிறது என்றால் உங்களுடையது அதுவாக இருக்காது. செய்முறைப் புத்தகத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். எண்ணைப் போட்டுத் தேடினால் நிறுவனத்தின் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். எந்தத் துண்டு எத்தனை என்ற பட்டியலும் இணையத்தில் கிடைக்கும். அதை அச்செடுத்து வைத்துக்கொண்டு விடுபட்டதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் கழுவ வேண்டும். அடுத்தவர் வீட்டில் கிடந்த துண்டு, கையழுக்கும் தூசியும் சேர்ந்து பிடிப்பையே மாற்றிவிடும். பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டுப் போதும். தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது என்பது நிறுவனமே சொல்லும் கணக்கு. நம்ம ஊரில் இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் மத்தியானம் கை வைக்க முடியாது. ஆகவே விடியற்காலையில் பிடித்து வைத்த தண்ணீரில் கழுவுங்கள். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் காய்ந்த பிறகு துண்டுகளில் வெள்ளைப் படிவு நிற்கும். கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர் பயன்படுத்தினால் அது இருக்காது. காயவைப்பது நிழலில், மின்விசிறிக்குக் கீழே. சீக்கிரம் காயட்டும் என்று மாடியில் போட்டுவிடாதீர்கள். குமிழுக்கு அடியில் இருக்கும் குழாய்களுக்குள் தண்ணீர் தங்கும் என்பதால் கவிழ்த்துப் போட்டு ஒரு முழு நாள் விட்டுவிடுவது நல்லது.

பிரிக்கும்போது நிறத்தை வைத்துப் பிரிக்காதீர்கள். தாஜ்மஹாலில் பெரும்பகுதி வெள்ளை. வெள்ளைக் குவியலுக்குள் ஒரு துண்டைத் தேடுவதில் பாதி நேரம் போய்விடும். வடிவத்தை வைத்துப் பிரியுங்கள்: வளைவுகள் ஒரு பக்கம், உருளைகள் ஒரு பக்கம், தட்டையான பிளேட்டுகள் நீளவாரியாக, வழவழப்பான டைல்கள் தனியாக. ஒரே வெள்ளையில் கிடந்தாலும் வளைவையும் டைலையும் கண் சட்டென்று பிரித்துவிடும். கொட்டிப் பார்க்க வெள்ளை வேட்டி ஆகாது. கருநீலப் போர்வை நல்லது. திருகு, போல்ட் போட்டு வைக்கும் பல அறை டப்பாக்கள் இதற்கென்றே செய்தவை போலப் பொருந்தும்.

பிரிக்கும்போதே போலித் துண்டுகளைக் களையுங்கள். அசலில் ஒவ்வொரு ஸ்டட்டின், அதாவது துண்டின் மேலே நீட்டி நிற்கும் குமிழின், மேலும் நிறுவனத்தின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். டைலுக்கு மேலே இராது, அடியில் பாருங்கள். போலியைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. ஆனால் நீளமான சுவரிலும் சுமை தாங்கும் இடத்திலும் வைக்காதீர்கள். அளவில் முடியிழை வித்தியாசம் பத்துத் துண்டில் தெரியாது. நாற்பது துண்டு வரிசையாக வரும்போது கடைசித் துண்டு உட்காராது.

இனி, தாஜ்மஹாலை ஒருமுறை அப்படியே கட்டுங்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், பெரிய செட் எதுவாக இருந்தாலும் அதில் சுமக்கிற துண்டு வேறு, மூடுகிற துண்டு வேறு. புத்தகத்தில் எங்கேயும் இதை எழுதியிருக்க மாட்டார்கள். கட்டிப் பார்த்தால்தான் விரலுக்குத் தெரியும். ஓர் அடுக்கு முடிந்ததும் மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நெளிகிறதா? சில அடுக்குக்குப் பிறகு ஒரு நீளப் பிளேட் குறுக்கே வந்து அந்த நெளிவை நிறுத்தும். அந்தப் பிளேட்தான் எலும்பு. அதன்மேல் ஒட்டி நிற்கும் வளைவும் டைலும் தோல். தோலை நாளைக்கே கழற்றி வேறு மாட்டலாம், கட்டடத்துக்கு ஒன்றும் ஆகாது. எலும்பில் கை வைத்தால், ஒன்றை எடுக்கும் முன் அதன் வேலையை யார் செய்யப்போகிறார்கள் என்று முடிவு செய்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். மாற்றங்கள் இடிந்து விழுவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்த வித்தியாசம் தெரியாமல் கை வைப்பதுதான். பல பெரிய செட்களில் வெளியே தெரியாத உள்பகுதியில் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகத் துண்டுகள் வரும். கட்டும்போது அடையாளம் தப்பாமல் இருக்கத்தான் அந்த நிறங்கள். 'உள்ளே தானே இருக்கிறது' என்று அவற்றை உருவிவிடாதீர்கள்.

இதைப் புரிந்துகொள்ள நம்ம மஹாலே நல்ல பாடம். 1636-இல் எழுந்த அந்தக் கட்டடத்தின் உடம்பு செங்கல். மேலே தெரியும் பூவும் கொடியும் யாளியும் இதழ் வளைவும் சுதை, சுண்ணாம்புச் சாந்து. எலும்பும் தோலும் வேறு வேறு கைகள் செய்தவை. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். இன்று நாம் பார்ப்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதிதான். பெரும்பகுதி பிரிக்கப்பட்டு அழிந்துபோனது. மிஞ்சியது 1866 முதல் 1872 வரை நேப்பியர் பிரபு சென்னை ஆளுநராக இருந்தபோது பழுதுபார்க்கப்பட்டது. ஆகவே ஒரு மூலையை மட்டும் கட்டுவது குறைபட்ட வேலை என்று யாரும் சொல்ல முடியாது. நம் கண்முன் நிற்கும் மஹாலே மிச்சம் நின்ற பகுதிதானே.

முழுவதும் ஏன் முடியாது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மஹாலில் 248 தூண்கள் என்பார்கள். தூண் ஒன்றுக்குப் பத்து உருளை பிரிக் வைத்தாலும் 2,480 வந்துவிடும், தாஜ்மஹால் செட்டில் அத்தனை உருளைக்கு எங்கே போவது? இடமும் பிரச்சினை. லெகோவின் மனிதப் பொம்மை நடமாடும் அளவில் கட்டினால் நடு முற்றம் மட்டுமே ஒரு கட்டில் அளவு இடத்தை எடுத்துக்கொள்ளும்.

அளவை எப்படி முடிவு செய்வது? பலர் மனிதப் பொம்மையின் உயரத்திலிருந்து தொடங்குவார்கள். பொம்மை 4 சென்டிமீட்டர், ஆள் ஐந்தரை அடி, ஆகவே நாற்பத்திரண்டில் ஒன்று என்று கணக்குப் போட்டுவிட்டு, அந்த அளவில் தூண் செய்யப் பொருத்தமான துண்டே இல்லை என்று பிறகு தவிப்பார்கள். மஹாலைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தூண்தான் தீர்மானிக்கும். தூணிலிருந்து தொடங்குங்கள். ஒரு நாள் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு நேரில் போய், தூணைக் கையால் அளந்து பாருங்கள். கைகளை விரித்தால் ஒரு பாகம். அது ஏறத்தாழ அவரவர் உயரம். மூன்று பாகம் வந்தால் சுற்றளவு சுமார் 5 மீட்டர். அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் 1.6 மீட்டர். இனி லெகோவில் உருளைத் துண்டு என்ன அளவில் கிடைக்கிறது என்று பாருங்கள். 4×4 உருளை பிரிக்கின் விட்டம் 32 மில்லிமீட்டர். 1,600-ஐ 32-ஆல் வகுத்தால் 50. உங்கள் அளவு ஐம்பதில் ஒன்று. 2×2 உருளை என்றால் 16 மில்லிமீட்டர், அளவு நூறில் ஒன்று. உயரத்துக்கு, கூட வந்தவரைத் தூணோடு ஒட்டி நிற்க வைத்துத் தள்ளி நின்று படம் எடுத்து, படத்தில் தூண் அவரைப்போல் எத்தனை மடங்கு உயரம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். முதல் முயற்சிக்கு நான் ஐம்பதில் ஒன்றைத்தான் சொல்வேன். மனிதப் பொம்மை கொஞ்சம் பெரிதாகத் தெரியும், கண்ணை உறுத்தாது. அதைவிட முக்கியம், வளைவின் இதழ்கள் இந்த அளவில்தான் சரியாக வரும்.

மூன்று தூண், இரண்டு வளைவு, பின்னால் ஒரு தாழ்வாரம், மேலே கொஞ்சம் கைப்பிடிச் சுவர். இவ்வளவு போதும். பார்க்கிற மதுரைக்காரர் யாருக்கும் இது எது என்று சொல்ல வேண்டியிருக்காது.

வளைவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தாஜ்மஹால் செட்டில் வரும் வளைவுத் துண்டுகளை அப்படியே வைத்தால் மஹால் வராது. மஹாலின் வளைவு ஓரம் வழவழப்பாக ஓடாது. உள்பக்கம் குழிந்த சின்னச் சின்ன அரைவட்டங்கள் படியேறிப் போய் உச்சியில் சேரும். ஒரு குழிவும் அடுத்த குழிவும் சந்திக்கும் இடத்தில் கூர்முனை ஒன்று கீழே நீட்டி நிற்கும். இதற்குப் பொருத்தமான துண்டு 2×2 கால்வளைய டைல். வளையத்தைக் காலாக வெட்டியது போல இருக்கும். உள்விளிம்பு சரியாக ஒரு ஸ்டட் ஆரம், அதாவது 8 மில்லிமீட்டர். நம் அளவில் நிஜத்தில் 40 சென்டிமீட்டர். இந்த டைலைப் படுக்க வைக்காமல் முகம் நம்மைப் பார்க்க நிறுத்தி, குழிவு உள்நோக்கி இருக்கும்படி ஒன்றன் மேல் ஒன்றாகப் படியேற்றினால், ஒவ்வொரு டைலும் ஓர் இதழ், ஒவ்வொரு சந்திப்பும் ஒரு முனை. உச்சியில் இரண்டு டைல்கள் எதிரெதிராகச் சேர்ந்து அரைவட்டம் ஆகும்.

நிற்கும் டைல் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்பதில்தான் நுட்பம். லெகோவின் அடிப்படை அளவு இங்கே கைகொடுக்கும். ஸ்டட்டுக்கு ஸ்டட் 8 மில்லிமீட்டர். பிளேட்டின் உயரம் 3.2. பிரிக்கின் உயரம் 9.6, அதாவது மூன்று பிளேட். பக்கவாட்டில் 8, மேல்நோக்கி 9.6 என்று இரண்டும் ஒத்துப்போகாததால்தான் நிற்கவைத்த துண்டும் படுத்த துண்டும் ஒன்றோடொன்று சேராமல் இடைவெளி விழும். ஆனால் ஐந்து பிளேட் சேர்ந்தால் 16. இரண்டு ஸ்டட் சேர்ந்தாலும் 16. இந்த ஒரு சமன்பாட்டைப் பிடித்துக்கொண்டால் போதும், பக்கவாட்டுக் கட்டுமானம் முழுவதும் கைவசம். பக்கத்தில் ஸ்டட் உள்ள பிரிக் ஒன்று, மேலே இரண்டு பிளேட், மறுபடி பக்க ஸ்டட் பிரிக் ஒன்று என்று அடுக்கினால், கீழ்ப் பக்க ஸ்டட்டுக்கும் மேல் பக்க ஸ்டட்டுக்கும் இடையே சரியாக 16 மில்லிமீட்டர் வரும். இன்னும் எளிது, ஐந்து பிளேட் உயரமுள்ள பக்க ஸ்டட் பிரிக் என்றே தனித் துண்டு வருகிறது. அதன் முகத்தில் 2×2 ஆக நான்கு ஸ்டட், 8 மில்லிமீட்டர் இடைவெளியில். கால்வளைய டைல் அதன்மேல் அழகாக உட்காரும். இதழ்கள் ஒரு படி உள்ளே நகரும் இடத்தில் இந்தத் துண்டையும் ஒரு படி உள்ளே நகர்த்துங்கள்.

இந்த இதழ் வரிசை தோல்தான், எதையும் சுமக்கக் கூடாது. அதற்குப் பின்னால் ஒரு ஸ்டட் தள்ளி, சாதாரண வளைவுத் துண்டாலோ நீளப் பிளேட்டாலோ உண்மையான தாங்கி ஒன்று தூணுக்குத் தூண் ஓட வேண்டும். அதைத்தான் பக்க ஸ்டட் பிரிக்குகள் பிடித்துத் தொங்கும். இதழை மட்டும் கழற்றிச் சரிசெய்ய வேண்டி வந்தாலும் மேலே இருக்கும் கைப்பிடிச் சுவர் அசையாது.

தூணுக்குள் லெகோவின் டெக்னிக் வகையில் வரும் அச்சுத்தண்டைச் செருகிவிடுங்கள். உருளை பிரிக்குகளின் நடுவில் அதற்கான துளை இருக்கும்; வாங்கும்போது துளை உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் உருளைகளை அடுக்கினால் உயரம் ஏற ஏறத் தூண் ஒரு பக்கம் சாயும், தண்டு போனால் சாயாது. இரண்டு வளைவு சேரும் இடம் தூணின் நடுவில் விழாமல் அரை ஸ்டட் தள்ளிப் போவது வழக்கமான தொல்லை. நடுவில் ஒற்றை ஸ்டட் மட்டும் உள்ள ஜம்ப்பர் பிளேட் அந்த 4 மில்லிமீட்டரைச் சரிசெய்துவிடும். சுவரில் கொத்தனார் செய்வதைத்தான் நீங்களும் செய்ய வேண்டும்: இணைப்புக்கு மேல் இணைப்பு வரக் கூடாது.

துண்டை வெட்டுவது, ஒட்டுவது, பெயின்ட் அடிப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். மூன்றும் வேண்டாம். பசை போட்ட அன்றோடு அந்தத் துண்டு இந்தக் கட்டடத்துக்கு மட்டும் சொந்தமாகிவிடும். 1958-க்குப் பிறகு வந்த பிரிக் எதுவும் இன்றைய பிரிக்கோடு சேரும் என்பதுதான் இந்தப் பொருளின் பெருமையே, அதை ஏன் நாமாகக் கெடுக்க வேண்டும்? வெள்ளை நிறம் மஹாலுக்கு ஒட்டாது என்று தோன்றினால் தோல் பகுதியை மட்டும் 'டான்' எனப்படும் மணல் நிறத்தில் வாங்குங்கள். எலும்பு வெள்ளையாகவே உள்ளே இருக்கட்டும்.

வாங்குவது என்றதும் ஒரு எச்சரிக்கை. தனித்தனித் துண்டுகளை பிரிக்லிங்க் போன்ற இணையச் சந்தைகள் வழியாக வெளிநாட்டுக் கடைகளிலிருந்து வரவழைக்கலாம்தான். ஆனால் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-இல் 70 ஆனது. தபால் செலவு தனி. விட்டுப்போன பத்துத் துண்டுக்கு இன்னொரு முறை வரவழைத்தால் வலிக்கும். அதனால் ஸ்டுடியோ என்ற மென்பொருளில் முழுவதையும் முதலில் கட்டிப் பாருங்கள். இலவசம்தான், பிரிக்லிங்க் தளத்திலேயே கிடைக்கிறது. எந்தத் துண்டு எந்த நிறத்தில் எத்தனை என்று அதுவே பட்டியல் தந்துவிடும். திரையில் ஈர்ப்பு விசை கிடையாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். திரையில் நிற்கும் தூண் மேசையில் சாயலாம். ஆகவே ஒரு வளைவுக்கான மாதிரியைக் கையில் இருக்கும் துண்டுகளில், நிறம் எதுவானாலும் சரி, கட்டி அசைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு பட்டியலை அனுப்புங்கள்.

அடித்தளத்துக்கு 48×48 பேஸ்பிளேட் 38.4 சென்டிமீட்டர் சதுரம். மூன்று தூண் மாதிரிக்கு அது போதும், ஆனால் மெல்லிசு. வெறுமனே தூக்கினால் வளைந்து மேலே உள்ளதெல்லாம் தெறிக்கும். அதே அளவுக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட் வெட்டி அடியில் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கும்போது பிளைவுட்டைத்தான் பிடிக்க வேண்டும்.

வெயில் விஷயம். நம்ம ஊர் அறைச் சூட்டில், இந்தத் துண்டுகள் செய்யப்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் உருகவோ இளகவோ செய்யாது. அதற்கு இன்னும் வெகுதூரம் சூடு ஏற வேண்டும். கெடுப்பது நேர் வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர். வெள்ளையை அது மஞ்சளாக்கிவிடும், மேற்கு ஜன்னல் பக்கம் வைத்தால் ஜன்னலைப் பார்த்த பக்கம் மட்டும் பழுத்து நிற்கும். உள்சுவர் ஓரம் வையுங்கள். பூட்டிய காரில் மத்தியானம் விட்டுவிட்டுப் போகாதீர்கள். தூசிக்குக் கண்ணாடிப் பெட்டிதான் நல்ல வழி. பெட்டி இல்லை என்றால் மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் வாரம் ஒருமுறை தட்டினால் போதும், ஈரத்துணி இதழ்களைக் கழற்றிவிடும். நவராத்திரிக்குக் கொலுவில் வைக்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். தாராளமாக வையுங்கள், மேல்படியில் வேண்டாம். குத்துவிளக்குக்கு ஒரு முழமாவது தள்ளி இருக்கட்டும். எண்ணெய்ப் புகை வெள்ளைத் துண்டில் படிந்தால் சோப்பு போட்டாலும் லேசில் போகாது. சுண்டல் வாங்க வரும் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கத்தான் செய்வார்கள். அவர்களுக்கென்று மீந்த துண்டுகளை ஒரு தாம்பாளத்தில் கொட்டிப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

தாஜ்மஹாலைப் பிரிக்க மனம் வரவில்லை என்றும் சொன்னீர்கள். நியாயம்தான். மினார்களையும் குவிமாடத்தையும் பிரிக்கத் தேவையில்லை, மஹாலின் மூலைக்கு அவற்றில் ஒன்றும் பயன்படாது. அவற்றை முழுசாகவே பழைய காட்டன் துணியில் சுற்றி ஒரு பெட்டியில் வைத்துவிட்டு, அடிமேடையிலும் சுவரிலும் இருக்கும் சாதாரண பிரிக், பிளேட்டுகளை மட்டும் எடுங்கள். எடுக்கும்போது ஒவ்வொரு அடுக்கையும் மேலிருந்து ஒரு படம், அந்த அடுக்கின் மிச்சத்துக்கு ஒரு ஜிப் பை, பையின் மேல் செய்முறைப் புத்தகத்தின் பக்க எண். திரும்பக் கட்ட நினைக்கும் நாளில் அந்தப் பக்கத்தைத் திறந்துகொண்டு உட்கார வேண்டியதுதான்.